மிஸ்ட்ரஸ் என்ற சொல்லுக்கு என்ன ஆனது?

ஆங்கிலத்தில் மாஸ்டரும் மிஸ்ட்ரஸும் ஒரு காலத்தில் சமமான ஜோடி, வீட்டை ஆள்கிற ஆண், ஆள்கிற பெண், அவ்வளவுதான். இன்று மாஸ்டர் என்றால் கைதேர்ந்தவர், மிஸ்ட்ரஸ் என்றால் கல்யாணமான ஆணின் ரகசியக் காதலி. ஸ்பின்ஸ்டர் இன்னும் மோசம். நூல் நூற்றுச் சம்பாதித்த பெண்ணின் தொழிற்பெயராக இருந்த அந்தச் சொல், வயதாகியும் கல்யாணம் ஆகாதவள் என்ற ஏளனமாகச் சுருங்கிவிட்டது; பேச்சலருக்கு மட்டும் எந்தக் கறையும் ஒட்டவில்லை. எனக்கு இது உண்மையிலேயே கோபமாக வருகிறது.

மிஸ்டர் என்ற சொல் ஆணுக்குக் கல்யாணம் ஆனதா என்று சொல்வதில்லை. பெண்ணிடம் மட்டும் மிஸ்ஸா, மிசஸா என்று கேட்கிறோம். இரண்டுக்கும் பொதுவாக எம், எஸ் என்ற இரண்டே எழுத்தில் ஓர் அடைமொழியை 1901-லேயே ஓர் அமெரிக்க நாளிதழ் முன்வைத்தது, ஆனால் நியூயார்க் டைம்ஸ் அதை ஏற்றது 1986-ல்தான். 85 வருடம்!

ஆண், பெண் என்று பிரிக்கும் மற்ற சொற்களுக்கு மாற்று கண்டுபிடிப்பதெல்லாம் சுலபம். ஸ்டூவர்டெஸுக்கு ஃப்ளைட் அட்டெண்டன்ட், சேர்மனுக்கு சேர், ஃபயர்மேனுக்கு ஃபயர்ஃபைட்டர். லேடி டாக்டர் என்பதில் லேடியை எடுத்துவிட்டாலே போதும். ஆக்ட்ரஸ் விஷயத்தில் மட்டும் ஒருமித்த கருத்து இல்லை, பல நடிகைகள் ஆக்டர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள், ஆஸ்கர் விருதோ பழைய சொல்லையே வைத்திருக்கிறது. அவரவர் விருப்பத்தைக் கேட்டு அழைப்பதுதான் சரி என்பேன்.

அப்புறம் அந்த கேர்ள்ஸ். நாற்பது வயது சக ஊழியர்களை அப்படி எழுதுகிறவர்கள், பக்கத்தில் இருக்கும் ஆண்களை பாய்ஸ் என்று எழுதுவார்களா?