கெய்ர்ன்ஸ் விடுதியும் டல்லி வாழைத்தோட்டமும்: 462 விசாவில் வேலை தேடிய அனுபவம்

இளைஞர்கள் ஓராண்டு தங்கி ஊர் சுற்றவும் வேலை செய்யவும் ஆஸ்திரேலியா தரும் 462 விசா 2024-இல் இந்தியர்களுக்கும் திறந்ததிலிருந்து, குலுக்கலில் பெயர் வந்தால் போதும் என்ற பேச்சு எங்கள் தேனிப் பக்கத்திலும் கேட்கிறது. ஆண்டுக்கு 1,000 இடங்கள், 18 முதல் 30 வயது, பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். முதல் குலுக்கலிலேயே எனக்கு வாய்ப்பு வந்தது. விசா வாங்குவதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அங்கே போய் வேலை தேடுவதைப் பற்றித்தான் சொல்ல விரும்புகிறேன்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடக்கில் மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. பவளத்திட்டைப் பார்க்க வருகிறவர்களால் கெய்ர்ன்ஸ் நகரத்து விடுதிகள் அப்போதுதான் நிரம்புகின்றன. அதைக் கணக்கிட்டே 2025 ஜூனில் போய் இறங்கினேன். வேலை செய்பவர்கள் வாங்கும் வரி எண்ணுக்கு (TFN) விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை. அதற்கும் பணம் கேட்கும் இடைத்தரகர்கள் உண்டு, கொடுக்காதீர்கள். மது பரிமாறும் வேலைக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். அறை சுத்தம் செய்வதற்கு வேண்டாம் என்பதால், தன்விவரக் குறிப்பை எடுத்துக்கொண்டு விடுதி விடுதியாக ஏறி அந்த வேலையைக் கேட்டேன், கிடைத்தது. இரண்டாம் ஆண்டு விசாவுக்குக் காட்ட வேண்டிய மூன்று மாத வேலையில், வடபகுதிச் சுற்றுலா வேலையும் சேரும்.

நவம்பரில் கூட்டம் குறைந்தது. வேலை நேரத்தையும் குறைத்தார்கள். பழம் பறிக்கப் போகலாம் என்று விசாரித்தபோது ஓர் ஒப்பந்ததாரர் அகப்பட்டார். பெட்டிக்கு இவ்வளவு என்றுதான் கூலி, எழுத்தில் எதுவும் தர முடியாது, தன்னுடைய வீட்டில்தான் தங்க வேண்டும் என்றார். இங்கேதான் நம் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28 முதல், எண்ணிக்கைக் கூலிக்குப் பறிப்பவர்களுக்கும் மணிக்கூலியில் ஒரு குறைந்தபட்சம் உறுதி. எத்தனை பெட்டி நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் அதற்குக் கீழே கொடுக்கக் கூடாது. நிரந்தர ஊழியரின் மணிக்கூலியோடு தற்காலிகத் தொழிலாளிக்கு 25 விழுக்காடு கூடுதலும் சேரும். பெட்டி விலையை வேலை தொடங்கும் முன்பே எழுதித் தந்தாக வேண்டும். குயின்ஸ்லாந்தில் தோட்டங்களுக்கு வேலையாள் அனுப்புகிறவர்களுக்கு உரிமம் கட்டாயம். உரிமம் பெற்றவர்களின் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். பார்த்தேன், அவர் பெயர் அதில் இல்லை. மறுத்துவிட்டேன். களைத்துப்போய்க் கையில் பணமும் இல்லாமல் நிற்கிற பிள்ளை இதையெல்லாம் எப்படிக் கேட்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு பஸ் ஏறி, கெய்ர்ன்ஸுக்குத் தெற்கே உள்ள டல்லிக்குப் போனேன். அங்கும் பக்கத்து ஊரான இன்னிஸ்ஃபெயிலிலும் வாழை ஆண்டு முழுவதும் விளைகிறது. தொழிலாளர் தங்கும் விடுதிகளில் சேர்ந்தால், விடுதிக்காரர்களே தோட்டங்களுக்கு ஆள் சொல்லிவிடுகிறார்கள். இடம் கிடைக்கச் சில நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கு நான்கு மீட்டர் மழை கொட்டும் ஊர் டல்லி. 1950-இல் பெய்த 7.9 மீட்டர் மழையை நினைவூட்ட, அதே உயரத்தில் ஒரு ரப்பர் பூட்ஸ் சிலை நிற்கிறது.

தோட்ட வாசலிலேயே பூட்ஸைத் தேய்த்துக் கழுவி மருந்துத் தொட்டியில் நனைத்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். வாழையைக் கொல்லும் டிஆர்4 வாடல் நோய் 2015-இல் டல்லியில் கண்டறியப்பட்டது. மண் ஒட்டிய ஒரு காலணி போதும், அது அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். தொலைபேசியில் இதைக் கேட்ட அப்பா, "நம்ம ஊரிலும் இப்படிச் செய்தால் நல்லது" என்றார். தோட்டத்துக்குள் மரத்தை வெட்டிச் சாய்க்க ஒருவர், நாற்பது ஐம்பது கிலோத் தாரைத் தோளில் தாங்கி வண்டியில் ஏற்ற இன்னொருவர். மழையில் தாங்குகிறவரின் கால் வழுக்கும். என்னைக் கொட்டகையில் சீப்பு அறுக்கவும் பெட்டியில் அடுக்கவும் போட்டார்கள். அதுவும் நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலைதான், ஆனால் மணிக்கூலி, சம்பளச் சீட்டு ஒழுங்காக வந்தது.

தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடைவேளை மூன்றையும் அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதினேன். கூலித் தகராறு வந்தால் அந்த நோட்டு பேசும். இரண்டாவது விசாவுக்குச் சம்பளச் சீட்டு பேசும். ஒரு தோட்டத்தை விட்டு வரும்போதே சீட்டுகளையும் முதலாளியின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். 45,000 டாலர் வரையிலான வருமானத்துக்கு 15 விழுக்காடு வரி. முதலாளி நம் பெயரில் ஓய்வூதிய நிதியில் சேர்க்கும் தொகையை நாடு திரும்பிய பிறகு கேட்டுப் பெறலாம், ஆனால் அதில் 65 விழுக்காடு வரியாகப் போய்விடும். கையில் மிஞ்சப் போவதைக் கணக்கிடும்போது அந்தத் தொகையை நம்பிச் சேர்க்காதீர்கள்.