விருந்து முடிந்த மண்டபத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?

கோலாலம்பூரில் திருமணத்துக்கோ கலை நிகழ்ச்சிக்கோ பெரிய மண்டபம் எடுக்கும் நம் குடும்பங்கள், நாதஸ்வரம் எத்தனை மணிக்கு, மணமக்கள் மேடையேறுவது எப்போது, பந்தி எப்போது என்று எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துவிடுகிறார்கள். கடைசி விருந்தினர் கிளம்பிய பிறகு அந்த இடத்தைத் துப்புரவாக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு மட்டும் அந்தத் தாளில் இடமிருப்பதில்லை. மண்டப நிர்வாகங்களும் நள்ளிரவில் முடியும் விருந்துக்கும் மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கும் கருத்தரங்குக்கும் ஒரே கூடத்தைத் தயங்காமல் வாடகைக்கு விடுகின்றன. துப்புரவுக் குழுக்களின் மேற்பார்வையாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்துவருகிறேன். எங்கள் வேலையைக் கெடுப்பது குப்பையின் அளவைவிட நேரப் பற்றாக்குறைதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இதற்கு ஓர் அடிப்படை உண்டு. ஜெர்மானிய வேதியியல் வல்லுநரான ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் வகுத்த கணக்கின்படி, எந்த அழுக்கும் நீங்குவது நான்கின் கூட்டால்: துப்புரவுக் கரைசல், தேய்க்கும் விசை, வெப்பம், நேரம். இவற்றில் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டியாக வேண்டும். பத்து நிமிடம் ஊறவேண்டிய கறையை இரண்டு நிமிடத்தில் எடுக்கச் சொன்னால், பணியாளர் கரைசலின் வீரியத்தைக் கூட்டுவார், அல்லது தோள் வலிக்கத் தேய்ப்பார். கழிவறைகளில் இந்த அவசரம் ஆபத்தாகவே முடியும். அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தையும் குளோரின் பிளீச்சையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும்.

நம் விருந்துகளுக்கே உரிய சிக்கல் மஞ்சள். சாம்பார் சிந்திய கம்பளத்தில் எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்தே இறங்குகின்றன. எண்ணெயை எடுக்கக் காரத்தன்மையுள்ள சோப்புக் கரைசல் நன்றாக உதவும்; ஆனால் அதே காரம் மஞ்சளைச் செம்பழுப்பாக மாற்றிவிடும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைத்த எவருக்கும் அந்தச் சிவப்பு தெரியும். எனவே கம்பளத்தில் சிந்தியதை முதலில் தேய்க்காமல் வழித்தெடுக்க வேண்டும், பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி, காரமும் அமிலமும் இல்லாத மிதமான கரைசலை இட்டுக் காத்திருக்க வேண்டும். நீர்த்த வினிகர், சிவந்த கறையை மீண்டும் மஞ்சளாக்கி வேலையை எளிதாக்கும். ஆனால் கம்பளத்தைத் தாண்டிப் பத்தடியில் இருக்கும் வாசல் பளிங்குக்கு வினிகர் பகை. எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்ட இடத்தில் பளிங்கின் மெருகு அரித்துப்போய், எத்தனை முறை துடைத்தாலும் போகாத மங்கல் வட்டம் நிற்கும். ஆரத்தித் தட்டு சிந்துவதும் பெரும்பாலும் அந்த வாசலில்தான். எந்தத் தரைக்கு எது என்று கையிலிருக்கும் புட்டியைப் பார்த்தே முடிவெடுக்கும் ஒரு பெண்மணியை 'வெறும் கிளீனர்' என்று யாராவது குறிப்பிடும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கழுவிய கம்பளம் உலர்வது அடுத்த கவலை. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் நனைந்த கம்பளம் ஓரிரு நாள் அப்படியே கிடந்தால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அறைக் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பது குளிர்சாதனம். ஆனால் விருந்தினர் வெளியேறியவுடன் மின்கட்டணத்தை எண்ணி அதை நிறுத்திவிடுவதே பல இடங்களில் வழக்கம். மறுநாள் வருபவர் முகம் சுளிக்கும் அந்த வாடைக்குப் பழி துப்புரவுக் குழுவின் மேல் விழுகிறது.

விளையாட்டரங்கின் கணக்கு வேறு. 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகத் திறக்கப்பட்ட புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் உள்ளன. அவ்வளவு பெரிய இடத்தில் மேல் வரிசையில் தொடங்கிக் கீழே இறங்குவதுதான் முறை. கீழிருந்து தொடங்கினால் கூட்டிய படியிலேயே குப்பை மீண்டும் வந்து விழும். பாதி குடித்த பானங்களை முதலில் தனி வாளியில் கொட்டிவிட வேண்டும். இல்லையென்றால் பை கனத்துக் கிழியும், காகிதமும் அட்டையும் நனைந்து மறுசுழற்சிக்கு உதவாமல் போகும்.

2015 செப்டம்பர் 1 முதல், திடக்கழிவு நிர்வாகத்துக்கான 672-ஆம் சட்டத்தின்கீழ் கோலாலம்பூர் வீடுகளில் குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயம். வீட்டில் அதைக் கடைப்பிடிக்கும் நாமே மண்டபத்தில் வாழையிலை, தண்ணீர்ப் புட்டி, பலூன் எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் திணிக்கிறோம். தலைநகரின் குப்பை தாமான் பெரிங்கினில் குப்பையை வண்டி மாற்றி ஏற்றும் நிலையம் வழியாக ஹுலு சிலாங்கூரின் புக்கிட் தாகார் நிலநிரப்பிடத்துக்குப் போகிறது. அங்கே புதையும் உணவுக் கழிவு மீத்தேனாக மாறுகிறது. பந்தி முடியும் இடத்திலேயே இலைக்கு ஒரு தொட்டி, புட்டிக்கு ஒரு தொட்டி வைத்துவிட்டால் நள்ளிரவு வேலை கணிசமாகக் குறையும்.

இந்த வேலையைச் செய்பவர்களில் வயதான நம் பெண்கள் பலர். நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்களும் உண்டு. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே சட்ட வரம்பு, அதற்கு மேல் செய்யும் வேலைக்குச் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு ஊதியம். ஆனால் ரயில்கள் நள்ளிரவையொட்டி நின்றுபோகின்றன. அதிகாலை மூன்று மணிக்கு வேலை முடியும் ஓர் அக்கா வாடகை வண்டி பிடித்தால், அன்றைய கூடுதல் ஊதியத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

ஆகவே மண்டபம் எடுப்பவர்கள், முன்பணம் கட்டும் முன் ஒப்பந்தத்தில் சில வரிகளைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: அடுத்த நிகழ்ச்சிக்கு முன் துப்புரவுக்காக ஒதுக்கிய நேரம் எவ்வளவு, குளிர்சாதனம் எத்தனை மணிவரை ஓடும், பணியாளர்களை வீட்டில் விடும் வண்டிச் செலவு யாருடையது. வாடகை சற்றுக் கூடலாம். கேட்பவர் வாடிக்கையாளராக இருந்தால் நிர்வாகம் பதில் சொல்லும். நாங்கள் கேட்டால் பெரும்பாலும் சொல்வதில்லை.