ஆல்ஃபா 0.95 வந்தால் சந்தேகப்படுங்கள்

பெங்களூரில் பிள்ளைகள் வீட்டோடு வந்து தங்கிவிட்ட தமிழ்ப் பெரியவர்களின் தனிமை உணர்வை அளக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கேள்வி போதாது; பல வேண்டும். அவை ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்தான் தலைப்பில் உள்ள ஆல்ஃபா (1-தான் உச்சம்). பல கேள்விகளின் மதிப்பெண்ணைக் கூட்டும்போது தற்செயல் பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு சரிக்கட்டிவிடும். கூச்சத்தால் வரும் சாய்வு மட்டும் கூட்டினாலும் போகாது. மருமகள் பக்கத்தில் இருந்தால் எல்லாக் கேள்விக்கும் “அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா” என்றுதான் பதில் வரும். தனியாக உட்காரவைத்துத்தான் கேட்கவேண்டும்.

கேள்வி எழுதுமுன் தனிமையின் கூறுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்: பேச்சுத்துணை, மனநெருக்கம், கன்னடம் பேசும் அக்கம்பக்கத்தோடு ஒட்டுதல். கேள்விகளை ‘எனக்கு எவ்வளவு பொருந்தும்’ என்று பதில் சொல்லும் வாக்கியங்களாக எழுதுவோம். கடைசியில் 8 வாக்கியங்கள் வேண்டுமென்றால் முதலில் 20, 24 எழுதவேண்டும்.

“மாலையில் பூங்காவுக்குப் போகிறேன்” என்ற வாக்கியம் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருப்பவரிடம் அது மூட்டுவலியைத்தான் அளக்கும். “பிள்ளைகளும் பக்கத்து வீட்டாரும் என்னிடம் பேசுகிறார்கள்” என்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. “எப்போதும் தனியாக உணர்கிறேன்” என்று எழுதிவிட்டு, பதிலாகச் “சில நேரம்” என்று கொடுத்தால் குழப்பம்தான். “கடந்த 2 வாரங்களில்” என்று காலத்தையும் சொல்லிவிடுங்கள்.

எதிர்த்திசை வாக்கியத்தில், அதாவது ஆமோதித்தால் தனிமை குறைவு என்று பொருள்படும் வாக்கியத்தில், ‘இல்லாமல் இல்லை’ வேண்டவே வேண்டாம்; வாசித்துக் காட்டும்போது காதில் நிற்காது. “மனம்விட்டுப் பேச எனக்கு ஆள் இருக்கிறது” என்று நேராக எழுதலாம். 1 முதல் 5 வரையிலான அளவில் அதன் மதிப்பெண்ணை 6-இலிருந்து கழிக்கவேண்டும். மறந்தால் மொத்தத்தோடு அதன் தொடர்பு (correlation, இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) எதிர்மறையாக வரும். கழித்தபிறகும், எந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில் (factor analysis) இந்த எதிர்த்திசை வாக்கியங்கள் தனிக் கும்பலாக ஒதுங்கலாம். அதைப் புதுக் கூறு என்று அறிவித்துவிடாதீர்கள். வாக்கிய அமைப்பே அப்படிப் பிரித்திருக்கக்கூடும்.

பிறகு 5 முதல் 10 பேரிடம் வாசித்துக்காட்டி, “இதைக் கேட்டதும் என்ன நினைச்சீங்க?” என்று கேளுங்கள். எந்தப் புள்ளியியலும் காட்டாத பழுது இங்கே தெரியும்.

கிரான்பாக் 1951-இல் முன்வைத்த ஆல்ஃபாவைப் பலர் தரச்சான்றாகவே நினைக்கிறார்கள். கேள்விகளுக்கிடையே சராசரித் தொடர்பு வெறும் 0.3 என்றாலும், 5 கேள்விக்கு ஆல்ஃபா 0.68, 10-க்கு 0.81, 20-க்கு 0.90. எண்ணிக்கையே அதை ஏற்றிவிடும். எல்லாக் கேள்வியும் ஒரே பொருளை அளக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. சில கேள்விகளே இருந்தும் 0.95 வந்தால், ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

மற்றவற்றின் மொத்தத்தோடு தொடர்பு 0.3-க்குக் கீழே போனால் அந்தக் கேள்வியை நீக்குவது வழக்கம். ஆனால் அக்கம்பக்கத்தைத் தொடும் ஒரே கேள்வி 0.26 காட்டினால் தூக்கிவிடாதீர்கள். அந்தக் கூறுக்கு இன்னும் இரண்டு எழுதி, மறுபடி களத்துக்குக் கொண்டுபோங்கள்.