அந்த அப்பத்தாவுக்கு என் வணக்கம்

1964இல் பர்மாவில் நே வின் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கி, 50, 100 கியாட் தாள்களையும் செல்லாதவையாக்கியபின், ரங்கூனில் கப்பலேறிய பல்லாயிரம் தமிழர்களுள் எங்கள் தாத்தாவும் ஒருவர். ஊரில் அவருக்கு ஏற்கெனவே மனைவி மக்கள் இருந்ததை, கைக்குழந்தையான அப்பாவோடு இங்கேயே தங்கிவிட்ட என் பர்மியப் பாட்டி சாகும்வரை எவரிடமும் சொல்லவில்லை.

சென்ற மாதம் சிவகங்கையிலிருந்து அழைத்த பெரியப்பா, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த அப்பாவின் குழந்தைப் படத்தைத் தம் தாயார் சுருக்குப்பையிலேயே வைத்திருந்ததாகவும், "அவனும் என் பிள்ளைதான், தேடிக் கண்டுபிடி" என்று சொல்லிவிட்டே கண்மூடியதாகவும் கூறினார். அப்பா "அண்ணே" என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

தாத்தாவை என்னால் இன்னும் மன்னிக்க இயலவில்லை. முகமறியாச் சக்களத்தியின் மகனுக்காக ஏங்கிய அந்த அப்பத்தாவின் மனம் எனக்கு வாய்க்க வேண்டும். அப்பா கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்.