ஸ்டெம் செல்களை வளர்க்கும் கைகள்

வேறு திசுக்களாக மாறும் திறனுள்ள ஸ்டெம் செல்களை வளர்க்கும் ஆய்வகத்தில் ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருவர் வந்தாக வேண்டும். கருவிலிருந்து எடுத்த இ.எஸ். செல்லோ, தோல் அல்லது இரத்தச் செல்லைப் பழைய நிலைக்குத் திருப்பி உருவாக்கிய ஐ.பி.எஸ். செல்லோ, தட்டில் வளரும் மனித ஸ்டெம் செல்லுக்கு வழக்கமான முறையில் தினமும் மீடியத்தை, அதாவது அதன் உணவுத் திரவத்தை, மாற்ற வேண்டும். அந்த மீடியத்தில் இருக்கும் எஃப்.ஜி.எஃப்.2 என்ற வளர்ச்சிக் காரணிதான் இதற்குக் காரணம். செல்கள் எந்தத் திசுவாகவும் மாறாமல் அப்படியே இருக்க அந்தப் புரதம் தேவை. ஆனால் இன்குபேட்டரின் 37 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரத்துக்குள் அதன் வீரியத்தில் பெரும்பகுதி போய்விடும். 2011இல் வெளிவந்த, எட்டே பொருள்களால் ஆன இ8 மீடியத்தில் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் அளவில் அதைச் சேர்ப்பதும் இதனால்தான். வெப்பம் தாங்கும்படி மாற்றியமைத்த எஃப்.ஜி.எஃப். கொண்ட மீடியங்கள் இப்போது கிடைக்கின்றன. அவற்றை வாங்கினால் ஒருநாள் விட்டு மாற்றலாம், ஞாயிறு முறையும் குறையும். பணம் இருக்கும் ஆய்வகங்கள் இதைச் செய்வது நல்லது என்பேன். ஓய்வில்லாத கை தவறு செய்யும்.

இதே காரணத்தால், மீடியம் பாட்டிலை முழுதாக 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்த வேண்டும். அன்றைக்குத் தேவையான அளவை மட்டும் தனிக் குழாயில் ஊற்றி, அறை வெப்பநிலைக்கு வரவிட்டுப் பயன்படுத்தினால் போதும். ஆறு குழித் தட்டில் ஒரு குழிக்கு 2 மில்லிலிட்டர்.

மீடியம் மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன் நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் உண்மையான வேலை. நல்ல காலனி, அதாவது செல்கள் கூடி வளர்ந்த திட்டு, தட்டையாக, நெருக்கமாக, வழுவழுப்பான விளிம்போடு இருக்கும். செல்லுக்குள் பெரும்பகுதி உட்கருவே நிறைந்திருக்கும், அதன் நடுவில் நியூக்ளியோலஸ் என்ற புள்ளி பளிச்சென்று தெரியும். விளிம்பில் செல்கள் நீண்டு, கூராகி, ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் அவை வேறு திசுவாக மாறத் தொடங்கிவிட்டன. நடுவில் மேடிட்டுப் பழுப்பு நிறம் தட்டினால் காலனி அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது. இந்த வேறுபாட்டைச் சொல்லித்தரும் கருவி எதுவும் ஒரு பழகிய டெக்னீஷியனின் கண்ணுக்கு இன்னும் ஈடாகவில்லை என்பது என் எண்ணம். படம் எடுத்துக் கணக்கிடும் மென்பொருள்கள் உதவும். எதைத் தேட வேண்டும் என்று அவற்றுக்குக் கற்றுக்கொடுப்பதும் அதே டெக்னீஷியன்தான்.

மாறிப்போன பகுதி பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நுண்ணோக்கியின் கீழ் பைப்பெட் முனையால் சுரண்டி எடுத்துவிடலாம். மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் அந்தத் தட்டோடு போராடாமல், முந்தைய பாஸேஜில் (செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்றில்) உறைய வைத்த குப்பியை எடுப்பதே மேல். இந்த முடிவை எடுக்கும் உரிமை தட்டைத் தினமும் பார்ப்பவருக்கு இருக்க வேண்டும். பல ஆய்வகங்களில் அது இல்லை. பேராசிரியரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போவதற்குள் பக்கத்துக் காலனிகளும் கெட்டுவிடும்.

நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, பரப்பில் 70 முதல் 80 சதவீதம் நிறைந்ததும் பாஸேஜ் செய்ய வேண்டும். கைக்குக் கை அதிக வேறுபாடு வருவது இங்கேதான். கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலால் கழுவி, 0.5 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. ஊற்றி 3 முதல் 5 நிமிடம் விட வேண்டும். செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கேட்ஹெரின் புரதத்துக்குக் கால்சியம் வேண்டும். ஈ.டி.டி.ஏ. அதைப் பிடித்துக்கொள்வதால் பிணைப்பு தளர்ந்து செல்களுக்கிடையே வெளிச்சக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் தெரிந்ததும், செல்கள் இன்னும் தட்டில் ஒட்டியிருக்கும்போதே, கரைசலை உறிஞ்சிவிட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் காலனிகள் கழன்று கரைசலோடு போய்விடும். பிறகு புது மீடியத்தைப் பீய்ச்சி, 50 முதல் 200 மைக்ரோமீட்டர் அளவுள்ள சிறு கொத்துகளாகக் கழற்ற வேண்டும். இரண்டு மூன்று முறைக்கு மேல் பைப்பெட்டில் இழுத்து விட்டால் கொத்துகள் ஒற்றைச் செல்களாகிவிடும். தனித்துப்போன மனித ஸ்டெம் செல் பெரும்பாலும் இறந்துவிடும், ஏனெனில் துணையிழந்ததும் அதன் உள்ளே ஆக்டின், மயோசின் என்ற புரதங்கள் கட்டுப்பாடின்றிச் சுருங்கிச் செல்லைக் கொப்புளம் கொப்புளமாகச் சிதைக்கின்றன. இந்தச் சுருக்கத்தைத் தூண்டும் ராக் நொதியைத் தடுக்கும் ஒய்-27632 மருந்தை 10 மைக்ரோமோலார் அளவில் முதல் 24 மணி நேரம் சேர்த்தால் இந்தச் சாவு பெருமளவு நிற்கும். 2007இல் ஜப்பானில் இது தெரியவந்த பிறகுதான் ஒற்றைச் செல்லாகப் பிரித்து வளர்ப்பதும் மரபணுத் திருத்தமும் எளிதாயின. கொத்துகள் மிகப் பெரிதாக இருந்தாலும் கேடுதான், நடுப்பகுதி சீக்கிரம் மாறத் தொடங்கும்.

விதைத்த தட்டை வட்டமாகச் சுழற்றக் கூடாது, எல்லாம் நடுவில் கூடிவிடும். முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைத்து, இன்குபேட்டரில் வைத்தபின் மறுநாள்வரை தொடாமல் விட வேண்டும். பார்க்கும் ஆவலில் அடிக்கடி கதவைத் திறக்கும் புதியவர்களிடம் இதைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும்.

செல்கள் ஒட்டுவதற்காகத் தட்டில் பூசும் மேட்ரிஜெல் தனிக் கவனம் கேட்கும் பொருள். எலியின் கட்டியிலிருந்து எடுக்கப்படும் புரதக் கலவை அது. சுமார் 10 டிகிரியைத் தாண்டினாலே ஜெல்லாக இறுகத் தொடங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டிக்குள் பனிக்கட்டியில் புதைத்து இரவு முழுதும் உருகவிட்டு, குளிரூட்டிய முனையும் குழாயும் கொண்டு, குளிர்ந்த டி.எம்.இ.எம்./எஃப்12 என்ற அடிப்படை மீடியத்தில் கலக்க வேண்டும். அவசரத்தில் அறை வெப்பத்தில் இருந்த முனையைப் பயன்படுத்தினால் தட்டில் திட்டுத்திட்டாகப் படியும். செல்கள் சில இடத்தில் ஒட்டும், சில இடத்தில் ஒட்டாது. மறுநாள் எல்லோரும் செல்லைக் குறை சொல்வார்கள். இந்தச் சரக்கின் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி புரத அளவு மாறுவதால், புதிய தொகுதி வந்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்து இரண்டு மூன்று பாஸேஜ் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மாற வேண்டும்.

அந்த ஒப்பீட்டுக்கு நேரம் ஒதுக்குபவர் லேப் மேனேஜர். ஆய்வுக் கட்டுரைகளில் பெயர் வராத, ஆனால் ஆய்வகம் நிற்பதற்குக் காரணமான ஆள் அவர். எந்தப் பாட்டில் எந்தத் தொகுதி, எப்போது திறந்தது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எப்போது தீரும், இன்குபேட்டரின் காட்டியில் தெரியும் 5 சதவீதத்தைக் கடைசியாகத் தனிக் கருவியால் சரிபார்த்தது எப்போது, நீர்த்தட்டில் கிருமி நீக்கிய நீர் மாற்றியது எப்போது என்ற கணக்கெல்லாம் அவரிடம்தான். வெளியிலிருந்து வரும் செல் வரிசையை (ஒரே மூலத்திலிருந்து பெருக்கிய செல்களை) நேராகப் பொது இன்குபேட்டரில் வைக்கவிடாமல் தனிமைப்படுத்துவதும் அவர் பொறுப்பே.

தனிமைப்படுத்தலில் தளர்வு கூடாது, மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவை நினைத்தால் காரணம் புரியும். வேறு பாக்டீரியா புகுந்தால் மீடியம் கலங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மைக்கோபிளாஸ்மா மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கில் பெருகினாலும் மீடியம் தெளிவாகவே இருக்கும், சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாது. செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. உடல் நெகிழ்வதால் 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியிலும் நுழைந்துவிடும். மனித வாயில் வாழும் வகைகளே அடிக்கடி குற்றவாளிகள், கிருமியில்லாமல் வேலை செய்யும் ஹூடுக்கு முன் அமர்ந்து பேசக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். மாதம் ஒருமுறை பி.சி.ஆர். சோதனை, புதிதாக வந்த வரிசைக்கு அடுத்தடுத்து இரண்டு சோதனையில் இல்லையென்று வந்த பிறகே அனுமதி. சோதனைக்கான மாதிரியை மீடியம் மாற்றுவதற்கு முன், நன்றாக நிறைந்த தட்டிலிருந்து எடுக்க வேண்டும். அன்றாட வளர்ப்பில் ஆன்டிபயாட்டிக் சேர்க்காமல் இருப்பதே நல்லது. அது சிறு தொற்றை மறைத்து வைக்கும், அழிக்காது.

மறைந்திருக்கும் இன்னொரு ஆபத்தைப் பற்றிப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. திடீரென்று ஒரு வரிசை நன்றாக வளர ஆரம்பித்தால் மகிழக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். நீண்ட நாள் வளர்ப்பில் மனித ஸ்டெம் செல்கள் குரோமோசோம் மாற்றங்களைப் பெறுகின்றன. 1, 12, 17, 20, எக்ஸ் ஆகியவற்றில் அதிகம் காணப்படும். 20ஆம் குரோமோசோமின் 20கியூ11.21 பகுதி இரட்டித்தால், அங்குள்ள பி.சி.எல்.2.எல்.1 மரபணு செல்லைச் சாகவிடாது. பாஸேஜ் செய்யும்போது மற்றவை இறக்க, இது மட்டும் பிழைத்துச் சில வாரங்களில் தட்டு முழுதும் பரவிவிடும். பார்வைக்கு அழகான காலனி, ஆனால் அதைக் கொண்டு செய்த சோதனை எதையும் நம்ப முடியாது. பத்து பாஸேஜுக்கு ஒருமுறையாவது, சாயமிட்டுப் பட்டைகளைப் பார்க்கும் ஜி-பேண்டிங் முறையில் 20 செல்களின் குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்பது வழக்கம். அந்த முறையில் சிறிய இரட்டிப்புகள் தப்பிவிடும் என்பதால் 20கியூவுக்குத் தனியாக, அந்தப் பகுதி எத்தனை நகல் என்று அளக்கும் கியூ.பி.சி.ஆர். செய்வது அவசியம். இது வெறும் ஆய்வகக் கண்டிப்பு அல்ல. 2014இல் ஜப்பானின் கோபே நகரில் மசாயோ தகாஹாஷியின் குழு, ஐ.பி.எஸ். செல்லிலிருந்து வளர்த்த விழித்திரை நிறமிப் படலத்தை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது. இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் அவற்றைப் பொருத்தவில்லை. சோதித்துப் பார்த்தவர்களும், நிறுத்தும் துணிவு கொண்டவர்களும் அங்கே இருந்தார்கள்.

அதனால்தான் உறைநிலை இருப்பு முக்கியம். ஆரம்பப் பாஸேஜில் தலைமை இருப்பு, அதிலிருந்து அன்றாட இருப்பு. இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்கக் கூடாது. உறையும்போது செல்லைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. 10 சதவீதம் கலந்த திரவத்தில், நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிரும் பெட்டியில் மைனஸ் 80க்குக் கொண்டுபோய், மறுநாளே திரவ நைட்ரஜன் தொட்டிக்கு மாற்ற வேண்டும். மைனஸ் 80இல் வாரக்கணக்கில் மறந்து விட்ட குப்பிகள் உயிரோடு வராது. எடுக்கும்போது 37 டிகிரி நீரில் சிறு பனித்துண்டு மீதமிருக்கும்வரை மட்டும் உருக்கி, மீடியத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். வேகமாக ஊற்றினால் டி.எம்.எஸ்.ஓ. நிறைந்த செல்கள் நீரை உறிஞ்சி வீங்கி வெடிக்கும். குப்பியின்மேல் பேனாவால் எழுதியதை ஆல்கஹால் துடைத்துவிடும். உறைகுளிர் தாங்கும் அச்சிட்ட லேபிளில் வரிசையின் பெயர், பாஸேஜ் எண், தேதி, உறைய வைத்தவர் பெயர் நான்கும் வேண்டும்.

திரவ நைட்ரஜனை நிரப்புபவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயுவாகி அறையின் ஆக்சிஜனை விலக்கிவிடும். மணமோ நிறமோ கிடையாது, மூச்சுத் திணறலும் தெரியாமலே மயக்கம் வந்துவிடும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒலிக்கும் மணி இல்லாத அறையில் யாரையும் தனியாக நிரப்ப விடக் கூடாது. நைட்ரஜன் நிரம்பிய பாத்திரத்தோடு ஒரே லிப்டில் ஆள் ஏறவும் கூடாது.

முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வு செய்யும் போஸ்ட்டாக்குகளும் ஆராய்ச்சி மாணவர்களும் வாங்கிச் செல்வது இப்படி வளர்ந்த செல்களைத்தான். இதயச் செல்லாக மாற்றும் முறையை எடுத்துக்கொள்வோம். தொடக்க நாளைப் பூஜ்யமாக எண்ணினால், அன்று சி.எச்.ஐ.ஆர்.99021 என்ற வேதிப்பொருள் 24 மணி நேரம், மூன்றாம் நாள் ஐ.டபிள்யூ.பி.2 என்ற இன்னொரு வேதிப்பொருள், முதல் ஏழு நாள் இன்சுலின் இல்லாத பி27 என்ற ஊட்டக் கலவை. எட்டாம் நாளிலிருந்து தட்டில் துடிப்பு தெரியலாம். துடிக்காவிட்டால் மாணவர் முதலில் சி.எச்.ஐ.ஆர். அளவைத்தான் மாற்றிப் பார்ப்பார். அது வரிசைக்கு வரிசை 6 முதல் 12 மைக்ரோமோலார் வரை வேறுபடுவது உண்மைதான். ஆனால் தொடக்க நாளில் செல் அடர்த்தி என்ன, அதற்கு முந்தைய பாஸேஜ் எப்படி இருந்தது என்ற இரண்டையும் கேட்காமல் மருந்தை மட்டும் மாற்றினால் மாதங்கள் வீணாகும். அந்த விடை டெக்னீஷியனின் பதிவேட்டில் இருக்கும். மரபணு வெளிப்பாட்டுத் தரவை அலசும் உயிர்த்தகவலியலாளருக்கும் அதே பதிவேடு வேண்டும். யார், எந்தத் தேதியில், எந்தத் தொகுதி மீடியத்தில் வளர்த்தது என்பது தெரியாவிட்டால், செல் வேறுபாடு எது, கை வேறுபாடு எது என்று அவரால் பிரிக்க முடியாது.

2006இல் ஷின்யா யமனாகாவும் கசுதோஷி தகாஹாஷியும் ஐ.பி.எஸ். செல்லை முதன்முதலாக உருவாக்க 24 மரபணுக்களிலிருந்து நான்கைத் தேர்ந்த கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். தட்டுத் தட்டாகக் காலனிகளைத் தேடி எடுத்தது தகாஹாஷியின் கை. ஆய்வக வேலையில் கருத்தும் கையும் சமம் என்பதை அந்தக் கட்டுரையின் இரண்டே பெயர்கள் நேர்மையாகக் காட்டுகின்றன. அன்றாடம் வளர்ப்பவருக்கும் இதே நேர்மை கிடைக்க வேண்டும். அவர் முடிவெடுத்து, கண்டுபிடித்து, சரிசெய்த வேலை இருந்தால், நன்றி வரியில் அடக்காமல் ஆசிரியர் வரிசையில் சேர்ப்பதே முறை.

புதிதாகச் சேர்பவரைப் பழக்குவதற்கு ஒரு வழி உண்டு. யாருக்கும் தேவைப்படாத ஒரு வரிசையைக் கொடுத்து, பழகியவர் வளர்க்கும் அதே வரிசையின் பக்கத்தில் ஐந்து பாஸேஜ் வளர்க்கச் சொல்லுங்கள். பாஸேஜ் விகிதம், உயிரோடிருக்கும் சதவீதம், மாறாத ஸ்டெம் செல்லைக் காட்டும் டி.ஆர்.ஏ.-1-60 அடையாளம் கொண்ட செல்களின் அளவு மூன்றும் இருவருக்கும் ஒத்துவரும்வரை நோயாளியிடமிருந்து பெற்ற செல்லைத் தொடவிடாதீர்கள். ஒருவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த செல் அது. அவர் பெயர் குறியீட்டு எண்ணாக மாறியிருந்தாலும், ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் எந்தெந்தக் குப்பிகளை அகற்ற வேண்டும் என்று ஒரே நாளில் சொல்லும்படி பட்டியல் இருக்க வேண்டும். பயிற்சியின் கடைசிப் பாடமாக அந்தப் பட்டியலைக் கையில் கொடுத்து, ஓர் எண்ணுக்குரிய குப்பிகள் அனைத்தையும் தொட்டியில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.