கார்புரேட்டரைப் பிரித்துப் போட்ட மேஜர்

பிரிட்டிஷ் ராணுவத்தில் பாலம் போடுகிற சாப்பர்ஸ் வேறு, ரீமி (REME) வேறு. உடைந்த டாங்கியையும் லாரியையும் பழுது பார்த்து மறுபடி ஓடவைப்பதுதான் ரீமியின் வேலை. அது 1942இல்தான் தனிப் பிரிவானது. மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் அந்தப் பிரிவுக்காரர். குடும்பத் தொழில் கடிகாரம், படித்தது ஒளியியல் பொறியியல். போரின் கடைசிக் கட்டத்தில் பிரஸ்ஸல்ஸில் டாங்கிப் பட்டறை. 1945 ஆகஸ்டில், 29 வயதில், தோற்ற ஜெர்மனியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பிடியில் இருந்த வோல்ஃப்ஸ்பர்க் ஃபோக்ஸ்வாகன் ஆலையின் பொறுப்பு அவரிடம் வந்தது. கார் ஆலை நடத்திய அனுபவம் சுத்தமாகக் கிடையாது. அதுவே நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்லவேண்டும். கார் தொழிலில் ஊறிய பிரிட்டிஷ் நிபுணர்கள் அந்த ஆலையின் வண்டியை, பின்னாளில் பீட்டில் என்று பெயரெடுத்த காரை, பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். ஹர்ஸ்ட் பார்த்தது பட்டறைக்காரன் கண்ணோடு: எது உடைந்திருக்கிறது, எது மிச்சம், இல்லாததை யார் செய்து தருவார்கள்?

போர்க்காலத்தில் கட்டாயத் தொழிலாளர்களை வைத்து ஓட்டிய ஆலை அது. 1944 குண்டுவீச்சில் கூரை பிய்ந்து, கழிவுநீர்க் குழாய்கள் அடைத்துக் கிடந்தன. இயந்திரங்களில் பல, குண்டுக்குப் பயந்து வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டிருந்தன. மின் நிலையத்தில் டர்பைன்களுக்கு இடையே வெடிக்காத குண்டு ஒன்று சிக்கியிருந்தது. அது வெடித்திருந்தால் மற்ற எதைப் பழுது பார்த்தும் பயனில்லை, தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் இயந்திரங்களை ஓட்ட மின்சாரம் இருந்திருக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து காகிதத்தில் இருந்தது. போர் இழப்பீடாக ஆலையைக் கழற்றி எடுத்துப் போகும் யோசனை. அங்கே கிடைத்த பழைய கார் ஒன்றுக்கு ராணுவப் பச்சை அடித்து, தலைமையகத்துக்கு ஓட்டிக் காட்டினார்கள். ராணுவத்துக்கும் வண்டிப் பஞ்சம். 20,000 வண்டிக்கு ஆர்டர் வந்தது. அந்தக் காலத்து ஜெர்மனியில் காசு இருந்தால் மட்டும் எஃகு கிடைக்காது, ஒதுக்கீடு வேண்டும். ஆர்டர் இருந்தால்தான் எஃகும் நிலக்கரியும் கேட்க முடியும். கழற்ற வருகிறவர்களைத் தள்ளிவைக்கவும் அதுவே சாக்கு.

போர்க்கால ஜீப் மாதிரியான கூபெல்வாகனைத் தொடராமல் மூடிய காரை எடுத்ததற்கும் காரணம் உண்டு. கூபெல்வாகனுக்கு பாடி செய்த ஆலை பெர்லினில், சோவியத் பகுதியில் மாட்டிக்கொண்டது. மூடிய காரின் பாடி அச்சுகள் வோல்ஃப்ஸ்பர்க்கிலேயே இருந்தன.

அடுத்த தலைவலி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர். வெளியிலிருந்து வாங்கிய பாகம், வரத்து நின்றுவிட்டது. ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, மேசைமேல் பிரித்துப் பரப்பினார் ஹர்ஸ்ட். வெளிக்கூடு வெறும் வார்ப்பு, அதை ஆலையிலேயே வார்த்துவிடலாம். ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளை), மிதவை போன்ற சின்னச் சாமான்களுக்குத்தான் நுண்ணிய கைவேலை வேண்டும். ஜெட்டின் துளை கொஞ்சம் பெரிதானால் பெட்ரோல் குடிக்கும், சிறிதானால் இன்ஜின் இழுக்காது. பக்கத்து பிரவுன்ஷ்வைக் நகரில் ஃபோக்ட்லண்டர் கேமரா கம்பெனி இருந்தது. அங்கே செய்யவைத்தார். லென்ஸ் படித்தவருக்குத்தான் அந்த யோசனை வரும்.

1945 டிசம்பர் 27இல் தொடர் உற்பத்தி தொடங்கியது. அதற்கப்புறமும் இழுபறிதான். போதிய அகலத் தகடு கிடைக்காதபோது துண்டுகளை வெல்டு வைத்து ஒட்டிக் கூரை செய்தார்கள். உள்ளே துணி ஒட்டியது மீன் பசையில், வெயிலில் வண்டி நாறியது. 1946இல் பத்தாயிரம் வண்டியைத் தொட்ட உற்பத்தி, அடுத்த ஆண்டு ஒன்பதாயிரத்துக்குக் கீழே இறங்கியது. அந்தக் குளிர்காலத்தில் நிலக்கரி இல்லாமல் ஆலையையே மூடவேண்டி வந்தது. எண்ணிக்கை இப்படித் தள்ளாடியபோதும் தரச் சோதனைப் பிரிவையும், மெக்கானிக்குகளுக்கான சர்வீஸ் பயிற்சியையும் அவர் கைவிடவில்லை. 1947இல் நெதர்லாந்துக்குக் கார் ஏற்றுமதியானபோது இவை இரண்டும் கைகொடுத்தன.

1948 ஜனவரியில் ஹைன்ரிஷ் நோர்ட்ஹோஃப் தலைமைப் பொறுப்பேற்றார். ஓப்பலில் லாரி ஆலை நடத்தியவர், ஹர்ஸ்டே பேசிப் பார்த்துப் பரிந்துரைத்த ஆள். 1949இல் ஹர்ஸ்ட் விடைபெற்றார். அதே ஆண்டு அக்டோபரில் ஆலை ஜெர்மானியர் கைக்குப் போனது. ஹர்ஸ்ட் பிறகு பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் ஜெர்மன் பிரிவிலும், 1955 முதல் ஓய்வு பெறும்வரை பாரிஸில் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பிலும் இருந்தார். இன்னொரு ஆலை அவர் நடத்தவில்லை. வோல்ஃப்ஸ்பர்க்கிலிருந்து கொண்டுபோன நினைவுப் பரிசு, பத்தில் ஒரு பங்கு அளவில் செய்த ஒரு பொம்மைக் கார்.