கோர்ட்டுக்குப் போகும் பிள்ளைக்குப் பாடம் எடுக்காதீர்கள்

"கேஸ் கொடுத்தா பிள்ளைய கூண்டுல ஏத்தி கண்டதையும் கேப்பாவளாம்லா?" தக்கலை, குழித்துறைப் பக்கம் போக்சோ, அதாவது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், என்று பேச்செடுத்தாலே தாய்மார் முதலில் கேட்பது இதைத்தான். இந்தப் பயத்திலேயே எத்தனை குடும்பம் வாயை மூடிக்கொள்கிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

2012 போக்சோ சட்டத்தின் 33-வது பிரிவுப்படி எதிர்த்தரப்பு வக்கீல் பிள்ளையிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது, அரசு வக்கீலுக்கும் அதேதான். கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் பிள்ளையிடம் கேட்பார். மிரட்டலான கேள்விக்கும், பிள்ளையின் நடத்தையைக் கேவலப்படுத்துகிற கேள்விக்கும் அனுமதி கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவன் பிள்ளையின் கண்ணில் படாதபடி திரை போடலாம், வீடியோவிலும் சாட்சி வாங்கலாம். அம்மாவோ, பிள்ளை நம்புகிற வேறு யாரோ கூட இருக்கலாம்.

பிரச்சினை பெரும்பாலும் வீட்டில்தான் ஆரம்பிக்கிறது. ஒரு வீட்டில் ஆச்சி அடுப்படியில் பேத்தியை நிறுத்தி, தேதி, கிழமை, அவன் போட்டிருந்த சட்டை நிறம் எல்லாவற்றையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தார். பாசத்தில்தான் செய்தார். ஆனால் கோர்ட்டில் "இதெல்லாம் யார் சொல்லித் தந்தாங்க?" என்று ஒரு கேள்வி வந்தால், பிள்ளை பொய் சொல்லாது, "ஆச்சி" என்றுதான் சொல்லும். நடந்தது உண்மையாகவே இருந்தாலும் அதன் பிறகு அந்தச் சாட்சியத்தின் மேல் சந்தேகம் விழும்.

பிள்ளைக்குத் தேதி ஞாபகம் இல்லையா, சரி, "ஞாபகம் இல்ல" என்று சொல்லட்டும். நீதிபதி முதலில் பெயர், பள்ளிக்கூடம், பொய் சொல்வது சரியா தப்பா என்று கேட்பதே, பிள்ளைக்குக் கேள்வி புரிகிறதா, யோசித்துப் பதில் சொல்ல முடிகிறதா என்று பார்க்கத்தான். சாட்சி சொல்ல இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்குமே இல்லை. 2025 பிப்ரவரியில் ஒரு கொலை வழக்கில் 7 வயதுச் சிறுமியின் சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சொல்லிக்கொடுத்த சாட்சி என்று சும்மா சொன்னால் போதாது, அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஆதாரத்தை நாமே எதற்கு உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்?

அப்புறம், கோர்ட் கேஸை எடுத்த 30 நாளுக்குள் பிள்ளையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும் என்கிறது 35-வது பிரிவு. நடைமுறையில் இது தள்ளிப்போகும், அதனால் அரசு வக்கீலிடம் விடாமல் கேளுங்கள். திரை வேண்டும், இடையில் ஓய்வு வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள். கூட வந்து உதவ ஆள் இல்லையென்றால், குழந்தைகள் நலக் குழுவிடம் துணைநபர் ஒருவரைக் கேட்டு வாங்கலாம்.